பூனைக்குட்டி: கடுவனா, பெட்டையா?

வாலைத் தூக்கிப் பார்த்தாலே தெரிந்துவிடும்! நல்லபடி வளர்க்கும் முறையும் இதோ...

"ராஜா" என்று ஆசையாகப் பெயர் வைத்து வளர்ப்பார்கள். ஏழாம் மாதம் பார்த்தால் "ராஜா"வின் வயிறு உப்பி இருக்கும். ஒரு நாள் காலையில் கட்டிலுக்கு அடியில் நாலு குட்டிகளோடு "ராஜா" படுத்திருக்கும்!

மும்பையில் பூனை வளர்க்கும் வீடுகளில் அடிக்கடி நடக்கிற சங்கதி இது. கேட்பவர்கள் சிரிப்பார்கள்.

ஆனால் அதற்கு அடுத்து நடப்பது சிரிக்கக் கூடியது அல்ல. தாராவியிலும் ஆன்டாப்ஹில்லிலும் ஆறு பேர் படுக்கும் ஒற்றை அறையில் ஐந்து பூனைக்கு இடம் ஏது? அக்கம் பக்கத்தில் கேட்டுப் பார்ப்பார்கள். யாரும் வாங்க மாட்டார்கள். கடைசியில் குட்டிகளைக் கோணிப்பையில் போட்டு மீன் மார்க்கெட் பக்கமோ, ரயில் பாதை ஓரமோ விட்டுவிட்டு வருவார்கள்.

பால் குடி மறவாத குட்டி, தாய் இல்லாமல் பிழைப்பது அரிது.

குட்டியை வீட்டுக்குள் எடுத்த அன்றே அது கடுவனா, பெட்டையா என்று தெரிந்து கொண்டால், அந்தப் பாவத்துக்கு ஆளாக வேண்டியது இல்லை. அதற்கு ஒரு நிமிடம் போதும். செலவு எதுவும் கிடையாது.

எப்படிப் பார்ப்பது?

முதலில் கையை சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கை சில்லென்று இருந்தால் நன்றாகத் தேய்த்துச் சூடாக்கிக் கொள்ளுங்கள். குளிர்ந்த கை பட்டால் குட்டி உடம்பைச் சுருட்டிக் கொள்ளும்.

மேஜை மீது ஒரு துண்டை விரித்து, குட்டியின் முகம் அந்தப் பக்கம் இருக்கும்படி நிறுத்துங்கள். நல்ல வெளிச்சம் வேண்டும். டார்ச் விளக்கு இருந்தால் இன்னும் நல்லது. பிறகு வாலை மெதுவாக மேலே தூக்குங்கள். இழுக்கக் கூடாது.

அங்கே இரண்டு துவாரங்கள் தெரியும். வாலை ஒட்டி மேலே இருப்பது மலத்துவாரம். அதற்குக் கீழே இருப்பதுதான் நாம் பார்க்க வேண்டிய இடம்.

பெட்டைக் குட்டியாக இருந்தால், கீழே இருப்பது நெட்டுவாக்கில் ஒரு சிறு கீற்றாக இருக்கும். மலத்துவாரத்துக்கு மிக அருகிலேயே இருக்கும்.

கடுவன் குட்டியாக இருந்தால், கீழே இருப்பது சின்ன வட்டமான புள்ளியாக இருக்கும். இரண்டுக்கும் இடையே நல்ல இடைவெளி இருக்கும். விதைப்பை வளர்வதற்கான இடம் அது.

டைப் அடிப்பவர்களுக்குச் சுலபமாகச் சொல்லலாம். ஆச்சரியக்குறியைத் தலைகீழாகத் திருப்பினால் எப்படி இருக்கும்? மேலே புள்ளி, கீழே கோடு. அது பெட்டை. கணக்கில் விகிதம் போடும்போது ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக இரண்டு புள்ளி வைக்கிறோம் அல்லவா? அது கடுவன்.

சின்னக் குட்டியில் இந்த இடைவெளி கடுவனுக்கு ஏறக்குறைய அரை அங்குலம் இருக்கும். பெட்டைக்கு அதில் பாதிதான்.

ஒரே ஈற்றில் பிறந்த இரண்டு மூன்று குட்டிகள் இருந்தால், அவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வித்தியாசம் பளிச்சென்று தெரியும். தனிக் குட்டியாக இருந்தால்தான் குழப்பம்.

எந்த வயதில் தெரியும்?

பிறந்த ஓரிரு நாளில் மயிர் அடர்த்தி குறைவாக இருக்கும். அப்போதே ஓரளவு தெரியும். ஆனால் தாயிடம் இருந்து குட்டியை ஒரு நிமிடத்துக்கு மேல் பிரிக்கக் கூடாது. தாய் சீறினால் விட்டுவிடுங்கள்.

ஆறு முதல் எட்டு வாரத்தில் பார்ப்பதுதான் நிச்சயமான முறை. அந்த வயதில் கடுவனின் இரண்டு துவாரங்களுக்கும் இடையே விரல் நுனியால் மெதுவாகத் தொட்டால், சிறு பட்டாணி போல இரண்டு விதைகள் தட்டுப்படும். பெட்டைக்கு அந்த இடம் சமமாக இருக்கும்.

முதல் தடவை பார்த்ததை அப்படியே நம்பிவிடாமல், இரண்டு வாரம் கழித்து இன்னொரு தடவை பாருங்கள். அப்போதும் சந்தேகம் இருந்தால், தடுப்பூசி போடப் போகும்போது கால்நடை டாக்டரிடம் கேளுங்கள். ஒரு வினாடியில் சொல்லிவிடுவார்.

எதை நம்பக் கூடாது?

வயிற்றில் காம்பு இருந்தால் பெட்டை என்று சிலர் சொல்வார்கள். அது தவறு. கடுவனுக்கும் காம்பு உண்டு.

சண்டைக்காரக் குட்டி கடுவன், சாதுவான குட்டி பெட்டை என்பதும் தவறு. முகம் அகலமாக இருந்தால் கடுவன் என்பது வளர்ந்த பூனைக்குப் பொருந்தும். குட்டிக்குப் பொருந்தாது.

நிறத்தைப் பார்த்துச் சொல்வதில் மட்டும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. கறுப்பு, செம்மஞ்சள், வெள்ளை என்று மூன்று நிறமும் கலந்த குட்டி அநேகமாகப் பெட்டைதான். மூவாயிரத்தில் ஒன்றுதான் கடுவனாக இருக்கும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். முழுச் செம்மஞ்சள் குட்டியாக இருந்தால், நாலில் மூன்று பங்குக்கு மேல் கடுவனாக இருக்கும்.

இதற்கு விஞ்ஞான காரணம் உண்டு. செம்மஞ்சள் நிறத்தைத் தரும் மரபணு "எக்ஸ்" குரோமோசோமில் இருக்கிறது. பெட்டைக்கு இரண்டு "எக்ஸ்" உண்டு. ஒன்றில் கறுப்பும் மற்றதில் செம்மஞ்சளும் வந்தால் இரண்டு நிறமும் தெரியும். கடுவனுக்கு ஒரே ஒரு "எக்ஸ்"தான். எனவே இரண்டில் ஒன்றுதான் வர முடியும்.

அந்த மரபணு எது என்பதை அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழக விஞ்ஞானிகளும், ஜப்பானின் கியூஷு பல்கலைக்கழக விஞ்ஞானிகளும் தனித்தனியே கண்டுபிடித்து 2025-ல் வெளியிட்டார்கள்.

இருந்தாலும், நிறத்தைப் பார்த்து முடிவு கட்டாதீர்கள். வாலைத் தூக்கிப் பார்ப்பதுதான் சரி.

தாய் எங்கே?

மாடிப்படிக்கு அடியிலோ, தண்ணீர் டிரம் இடுக்கிலோ குட்டி கத்தினால் உடனே தூக்கி வந்துவிடாதீர்கள். தாய் இரை தேடப் போயிருக்கும். எட்டி நின்று சில மணி நேரம் கவனியுங்கள். குட்டி கொழுகொழுவென்று, சுத்தமாக, அமைதியாக இருந்தால் தாய் வந்து போகிறது என்று அர்த்தம்.

மனிதக் கை பட்ட குட்டியைத் தாய் சேர்க்காது என்பது வெறும் பேச்சு. பெரும்பாலும் சேர்த்துக் கொள்ளும்.

மழையில் நனைந்து கிடந்தாலோ, எறும்பு மொய்த்தாலோ, உடம்பு சில்லிட்டு இருந்தாலோ காத்திருக்கக் கூடாது. உடனே எடுத்துவிட வேண்டும்.

தாய் இருக்கும் குட்டியை எட்டு வாரம் முடியாமல் பிரிக்காதீர்கள். பாலுக்காக மட்டும் அல்ல. எவ்வளவு பலமாகக் கடிக்கலாம், எப்போது நகத்தை உள்ளே இழுத்துக் கொள்ள வேண்டும் என்பதை எல்லாம் குட்டி, தாயிடமும் கூடப் பிறந்த குட்டிகளிடமும்தான் கற்றுக் கொள்கிறது.

குட்டிக்கு என்ன வயது?

கண் மூடி இருந்தால் இரண்டு வாரத்துக்கு உட்பட்டது. கண் திறப்பது ஏழு முதல் பதினாலு நாளுக்குள். மூன்றாம் வாரத்தில் தள்ளாடி நடக்கும், முன் பற்கள் முளைக்கத் தொடங்கும். நாலாம் வாரத்தில் ஓடி விளையாடும்.

பிறந்த குட்டி சுமார் 100 கிராம் இருக்கும். வாரத்துக்கு ஏறக்குறைய 100 கிராம் கூட வேண்டும். மளிகைக் கடை எலெக்ட்ரானிக் தராசில் ஒரு டப்பாவில் வைத்து நிறுத்துப் பார்த்துக் குறித்து வையுங்கள். எடை கூடவில்லை என்றால் ஏதோ கோளாறு என்று பொருள். குறைந்தால் அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும்.

முதலில் சூடு, பிறகு பால்

தாய் இல்லாத குட்டிகள் சாவதற்கு முக்கிய காரணம் குளிர். முதல் மூன்று, நாலு வாரம் குட்டியால் தன் உடம்புச் சூட்டைத் தானே காப்பாற்றிக் கொள்ள முடியாது.

அட்டைப் பெட்டியில் பழைய பருத்தித் துணியை விரியுங்கள். பாட்டிலில் வெந்நீர் ஊற்றி, மூடியை இறுக்கி, துணியால் நன்றாகச் சுற்றிப் பெட்டியின் ஒரு பக்கத்தில் வையுங்கள். மறுபக்கம் காலியாக இருக்கட்டும். சூடு அதிகமானால் குட்டி நகர்ந்து கொள்ள இடம் வேண்டும்.

உடம்பு சில்லிட்ட குட்டிக்குப் பால் கொடுக்கவே கூடாது. அதற்கு ஜீரணம் ஆகாது. முதலில் சூடு ஏற்றி, பிறகுதான் பால்.

பசும்பால் வேண்டாம்

பூனை என்றால் பால் என்று நினைக்கிறோம். பாக்கெட் பாலைக் கிண்ணத்தில் ஊற்றி வைக்கிறோம். பல குட்டிகளுக்கு அதுவே எமனாகிவிடுகிறது.

தாய்ப் பூனையின் பாலில் உள்ள புரதச் சத்து, பசும்பாலில் இருப்பதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. பசும்பாலில் குட்டிக்குத் தேவையான சத்து போதாது. அதில் உள்ள பால் சர்க்கரை வயிற்றைக் கெடுத்துவிடும். சின்னக் குட்டிக்கு ஒரு நாள் வயிற்றுப் போக்கு நீடித்தாலே உடம்பில் உள்ள நீர் வற்றி ஆபத்தாகிவிடும்.

பூனைக்குட்டிக்கு என்றே பால் பவுடர், பிராணி உணவு விற்கும் கடைகளில் கிடைக்கிறது. டப்பாவில் சொல்லி இருக்கும் அளவில் கலக்குங்கள். கண் திறக்காத குட்டிக்கு இரண்டு, மூன்று மணிக்கு ஒரு தடவை கொடுக்க வேண்டும். இராத்திரியிலும் எழுந்திருக்க வேண்டும். இரண்டு, மூன்று வாரக் குட்டிக்கு நாலு மணிக்கு ஒரு தடவை போதும்.

கைக்குழந்தையைப் போல மல்லாக்கப் படுக்க வைத்துப் பால் கொடுக்காதீர்கள். பால் நுரையீரலுக்குள் போய்விடும். தாயிடம் குடிப்பதைப் போலக் குப்புற, தலை சற்று நிமிர்ந்து இருக்க வேண்டும். சொட்டுச் சொட்டாக, அது சப்பும் வேகத்தில் கொடுங்கள்.

இன்னொரு முக்கியமான விஷயம். மூன்று வாரம் வரை குட்டி தானாகச் சிறுநீர், மலம் கழிக்காது. தாய் நக்கித்தான் கழிக்க வைக்கும். தாய் இல்லாவிட்டால், ஒவ்வொரு தடவை பால் கொடுத்ததும் வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த பஞ்சால் அந்த இடத்தை மெதுவாகத் தடவுங்கள். இதைத் தெரியாமல் விட்டால் குட்டியின் வயிறு உப்பி உயிருக்கே ஆபத்தாகும்.

தயிர் சாதம் போதுமா?

நாலு, ஐந்து வாரத்தில் கெட்டி உணவு பழக்கலாம். கோழிக் கறியையோ, முள் நீக்கிய மீனையோ உப்பு, மசாலா சேர்க்காமல் வேக வைத்து, மசித்துக் கொடுங்கள். வேக வைத்த முட்டையும் தரலாம். இந்த வயதில் வயிறு சின்னது. எனவே ஒரு நாளைக்கு நாலு தடவை, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்க வேண்டும். வேக வைத்த கறி மட்டுமே எப்போதும் போதாது. முடிந்தவர்கள் குட்டிகளுக்கு என்று விற்கும் தீனியையும் சேர்த்துக் கொடுப்பது நல்லது. எந்த நேரமும் சுத்தமான தண்ணீர் கிண்ணத்தில் இருக்கட்டும்.

சைவ வீடுகளில் தயிர் சாதமும் பருப்பு சாதமும் போட்டு வளர்க்கிறார்கள். பூனை பசியில் அதையும் தின்னும். ஆனால் அது போதாது.

"டாரின்" என்ற சத்து பூனைக்கு அவசியம். அது மாமிசத்தில்தான் உண்டு. அது இல்லாவிட்டால் பூனையின் கண் பார்வை கெடும் என்பது 1975-ல் தெரிய வந்தது. இருதயமும் பலவீனப்படும் என்பதை 1987-ல் கலிபோர்னியாவில் கண்டுபிடித்தார்கள். வீட்டில் மாமிசம் சமைக்க விரும்பாதவர்கள், டாரின் சேர்த்துச் செய்த பூனைத் தீனியை வாங்கிக் கொடுக்கலாம்.

கொடுக்கக் கூடாதவை: வெங்காயம், பூண்டு, சாக்லேட், உப்புக் கருவாடு, வேக வைத்த எலும்பு.

மிகவும் முக்கியம்: காய்ச்சல் என்று நாம் சாப்பிடும் பாரசிட்டமால் மாத்திரையைப் பூனைக்குக் கொடுக்கவே கூடாது. ஒரே மாத்திரை அதைக் கொன்றுவிடும்.

தரை துடைக்கும் பினாயிலும் விஷம். ஈரத் தரையில் நடந்து, பாதத்தை நக்கினால் உள்ளே போய்விடும். எலி மருந்து வைக்கும் வீட்டில் பூனை வளர்க்காதீர்கள். மருந்து தின்ற எலியைத் தின்றால் பூனையும் சாகும்.

மோரியில் அசிங்கம் செய்யாமல் இருக்க

ஒரு தட்டையான தட்டில் மணலோ, கிழித்த பழைய பத்திரிகையோ போட்டு ஒரு மூலையில் வையுங்கள். தின்றதும் குட்டியை அதில் விடுங்கள். இரண்டு, மூன்று நாளில் பழகிவிடும். அடிக்கத் தேவையே இல்லை. அடித்தால் ஒளிந்து போய் வேறு இடத்தில் செய்யும்.

தட்டை ஒவ்வொரு நாளும் சுத்தம் செய்ய வேண்டும். பூனையின் மலத்தில் "டாக்சோபிளாஸ்மா" என்ற கிருமி இருக்கக் கூடும். அது கர்ப்பத்தில் இருக்கும் சிசுவைப் பாதிக்கும். எனவே கர்ப்பிணிகள் அந்த வேலையைச் செய்யக் கூடாது. மற்றவர்களும் வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும்.

இரண்டு முதல் ஏழு வாரம் வரையிலான வயதுதான் குட்டியின் குணம் அமையும் காலம். அப்போது பலர் கையில் எடுத்துக் கொஞ்சினால் மனிதரிடம் பயம் இல்லாமல் வளரும். கையைக் காட்டி விளையாட்டுக் காட்டாதீர்கள். இன்று பிறாண்டுவது வேடிக்கை. ஆறு மாதம் கழித்து ரத்தம் வரும். ஒரு கயிறும் காகிதப் பந்தும் போதும். விளையாடி முடிந்ததும் கயிற்றை எடுத்து வைத்துவிடுங்கள். விழுங்கினால் ஆபத்து.

மாடியில் இருப்பவர்கள் ஜன்னல் கம்பிக்கு வலை அடிப்பது அவசியம்.

தடுப்பூசி

மூன்றாவது வாரம் முதல் டாக்டர் சொல்லும் அளவில் பூச்சி மருந்து கொடுக்க வேண்டும். தாய்ப்பால் வழியாகவே குட்டிக்குப் பூச்சி வந்துவிடும்.

ஆறு முதல் எட்டு வாரத்தில் முதல் தடுப்பூசி. பிறகு மூன்று, நாலு வாரத்துக்கு ஒன்றாக நாலு மாதம் வரை போட வேண்டும். வெறிநோய்த் தடுப்பூசி மூன்று மாதத்தில்.

வெறிநோய் நாயால் மட்டும் வருவது அல்ல. பூனைக் கடியாலும் வரும். பூனை கடித்தாலோ, ரத்தம் வரும்படி பிறாண்டினாலோ, காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மஞ்சளும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டாதீர்கள். வயிற்றைச் சுற்றி ஊசி போட்ட காலம் மலையேறிவிட்டது. அந்தப் பழைய மருந்து இந்தியாவில் 2004 கடைசியோடு நிறுத்தப்பட்டது. இப்போது கையில்தான் போடுகிறார்கள்.

ஐந்தாம் மாதம் மறக்காதீர்கள்

கடுவனா, பெட்டையா என்று முதலிலேயே பார்த்து வைத்தது இதற்குத்தான்.

பெட்டை நாலு மாதத்திலேயே பருவத்துக்கு வரக்கூடும். சினைக் காலம் சுமார் 63 நாள். குட்டிகளுக்குப் பால் கொடுக்கும்போதே மறுபடி சினை பிடிக்கும். ஓர் ஈற்றுக்கு நாலு குட்டி, ஆண்டுக்கு இரண்டு அல்லது மூன்று ஈற்று. கணக்கை நீங்களே போட்டுக் கொள்ளுங்கள். அண்ணன், தங்கை என்ற வித்தியாசம் பூனைக்குக் கிடையாது. ஜோடியாக எடுத்து வளர்ப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

கடுவனாக இருந்தால் குட்டி போடாது. ஆனால் வேறு தொல்லை உண்டு. பருவம் வந்ததும் சுவர், துணி, கதவு எல்லாவற்றிலும் நாற்றம் பிடித்த சிறுநீரை அடிக்கும். இராத்திரி வெளியே போய்ச் சண்டை போட்டுக் காயத்தோடு வரும். சில சமயம் வராமலே போய்விடும்.

இரண்டுக்கும் ஒரே வழி, ஐந்து மாத அளவில் கருத்தடை ஆபரேஷன். கடுவனுக்கு மிகச் சிறிய ஆபரேஷன். பெட்டைக்குக் கொஞ்சம் பெரிது. இரண்டுமே மயக்க மருந்து கொடுத்துத்தான் செய்யப்படும்.

"ஒரு ஈற்று போட்ட பிறகு செய்தால்தான் பெட்டைக்கு நல்லது" என்பார்கள். அது உண்மை அல்ல. ஆறு மாதத்துக்கு முன் ஆபரேஷன் செய்த பூனைகளுக்கு மார்புப் புற்றுநோய் வரும் அபாயம் 91 சதவீதம் குறைவு என்று 2005-ல் அமெரிக்காவில் வெளிவந்த ஆய்வு கூறுகிறது.

மும்பை பரேலில் பாய் சாக்கர்பாய் தின்ஷா பெட்டிட் பிராணிகள் ஆஸ்பத்திரி இருக்கிறது. 1874-ல் தொடங்கப்பட்ட பம்பாய் பிராணி வதைத் தடுப்புச் சங்கத்தைச் சேர்ந்தது அது. 19-ம் நூற்றாண்டில் இருந்து இயங்கி வருகிறது. அங்கேயோ, பக்கத்தில் உள்ள கால்நடை டாக்டரிடமோ கட்டணத்தை முன்கூட்டியே விசாரித்துக் கொள்ளுங்கள். குட்டி வந்த மாதத்தில் இருந்தே கொஞ்சம் கொஞ்சமாகப் பணம் எடுத்து வைத்தால் ஐந்தாம் மாதம் சிரமம் தெரியாது.

விட்டுவிட்டுப் போகலாமா?

மே மாத விடுமுறையில் குடும்பத்தோடு ஊருக்குப் போகிறவர்கள், பூனையைத் தெருவில் விட்டுவிட்டுப் போகிறார்கள். "அது எப்படியும் பிழைத்துக் கொள்ளும்" என்கிறார்கள். வீட்டுச் சோறு தின்று பழகிய பூனைக்குத் தெருவில் பிழைக்கத் தெரியாது.

அது சட்டப்படியும் குற்றம். பட்டினியால் வாடும் நிலையில் ஒரு பிராணியைக் கைவிடுவதை, 1960-ம் ஆண்டு பிராணி வதைத் தடுப்புச் சட்டம் தடை செய்கிறது. அந்தச் சட்டம் வருவதற்குக் காரணமாக இருந்தவர், சென்னையில் கலாட்சேத்திராவை நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேல். 1950-களில் ராஜ்யசபை உறுப்பினராக இருந்தபோது அவர் எடுத்த முயற்சியின் பலன் அது.

ஊருக்குப் போகும் முன் அடுத்த வீட்டாரிடம் சாவியைக் கொடுத்து, தினமும் தீனியும் தண்ணீரும் வைக்கச் சொல்லுங்கள். அவர்கள் ஊருக்குப் போகும்போது அவர்கள் வீட்டுச் செடிக்கு நீங்கள் தண்ணீர் ஊற்றுங்கள். சால் வாழ்க்கையில் இது பெரிய உதவி அல்ல.

நன்றாக வளர்த்த வீட்டுப் பூனை பதினைந்து ஆண்டு வரைகூட வாழும். இன்று முதல் வகுப்பில் படிக்கும் உங்கள் பிள்ளை கல்லூரியை முடிக்கும் வரை அது கூடவே இருக்கும். அதை யோசித்து, முடியும் என்றால் மட்டும் குட்டியை எடுங்கள். எடுத்த பிறகு முதல் வேலையாக வாலைத் தூக்கிப் பாருங்கள். பெயரைப் பிறகு வைக்கலாம்.